மன்னவனூர் பள்ளத்துல ஹேமக் கட்டி படுத்த ராத்திரி: குளிர் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுன்னு ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜனவரி கடைசி வாரம். மதுரையில இருந்து கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் பக்கம் ஒரு தனியார் தோட்டத்துல ரெண்டு ராத்திரி தங்குறதா பிளான். மொத்தம் நாலு பேர். எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணவர் ஒருத்தர், ஆபீஸ் வேலை, நாப்பதை தொடப்போறவர். அவருக்கு தெரிஞ்ச ஒரு ஸ்கூல் டீச்சர், அவங்களோட தம்பி (காலேஜ் முடிச்சு ஒரு வருஷம், ரொம்ப ஒல்லி), நாலாவது ஆள் நான். பேர் எதுவும் போடல, அவங்க கேட்டுக்கிட்டது அப்படி.

ஏற்பாடு பண்ணவருக்கு ஹேமக் (ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி தொங்கவிட்டு படுக்கற துணித் தூளி) புதுசு இல்ல. ஏலகிரி, கொல்லிமலைன்னு வெயில் காலத்துல நிறைய தடவை கட்டி தூங்கியிருக்காரு, அங்க எல்லாம் ஒரு பெட்ஷீட் போதும், சொல்லப்போனா கீழ இருந்து காத்து வர்றதுதான் ஹேமக்ல சுகமே. அந்த அனுபவத்தை அப்படியே ஜனவரி கொடைக்கானலுக்கு தூக்கிட்டு வந்ததுதான் இந்த கதையோட ஆரம்பம்.

குளிர் எவ்வளவு இருக்கும்னு முன்னாடியே ஒரு கணக்கு போட்டாரு. 1000 மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும், மதுரையில ராத்திரி 21, மேல 2000 மீட்டர் சொச்சம், அப்போ 8 டிகிரி, சமாளிச்சிடலாம். கணக்குல தப்பு இல்ல, மலைக்கு பொதுவா அது சரியான கணக்குதான். ஆனா அது எந்த எடத்துக்கு, எந்த மாதிரி வானத்துக்குன்னு ஒண்ணு இருக்கே, அது கீழ வரும்.

கையில இருந்த சாமான்

ஹேமக் நாலுமே ஒத்தை லேயர் நைலான், பாராசூட் துணின்னு விக்கிறாங்களே அதுதான். மரத்துக்கு பட்டை பெல்ட். மேல மழைக்கு கட்ட ரெண்டு டார்ப். ஆளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக், கவர்ல "0 முதல் 10 டிகிரி"ன்னு போட்டிருந்தது. ஃப்ளீஸ் ஸ்வெட்டர், குல்லா. என்கிட்ட மட்டும் ஒரு யோகா மேட் இருந்துச்சு, அதுகூட உக்காந்து சாப்பிட எடுத்துட்டு வந்தது. மலையில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு கெடுபிடி இருக்கறதால எல்லார்கிட்டயும் ஸ்டீல் பாட்டில், அதுல ரெண்டு சாதா ஒத்தை தகடு, ரெண்டு ஃபிளாஸ்க் மாதிரி உள்ள வேக்குவம் வச்சது. இந்த வித்தியாசம் பின்னாடி வேலைக்கு வந்துச்சு.

கவர்ல போட்டிருக்கற டிகிரிய பத்தி ஒரு வார்த்தை சொல்லிடணும். ஐஎஸ்ஓ 23537ன்னு ஒரு தரம் இருக்கு, முறையா டெஸ்ட் பண்ண ஸ்லீப்பிங் பேக்ல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. கம்ஃபர்ட்னா சராசரி பொம்பளை ஒருத்தங்க சாதாரணமா படுத்து தூங்குற அளவு, லிமிட்னா சராசரி ஆம்பளை சுருண்டு படுத்து எப்படியோ ராத்திரிய ஓட்டுற அளவு, எக்ஸ்ட்ரீம்னா உசுரு தப்பிக்கிற கணக்கு, தூக்கத்துக்கு அங்க எடமே இல்ல. வெறும் "0 முதல் 10"ன்னு மொட்டையா போட்டிருந்தா எது எதுன்னு யாருக்கும் தெரியாது. அதைவிட முக்கியமா, அந்த டெஸ்ட்ட ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில ஒரு மேட் போட்டுதான் பண்றாங்க. மேட் இல்லாம தொங்கற ஆளுக்கு அந்த நம்பர் பொருந்தவே பொருந்தாது.

இடம் பாத்தது

தோட்டத்துல கீழ ஓடை ஓரம் சமதளமா, சில்வர் ஓக் வரிசையா, ஹேமக் கட்ட அளவா இடைவெளி விட்டு நின்னுச்சு. பாத்தவுடனே எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. தோட்டத்தை பாத்துக்கிற பெரியவர் ஒருத்தர், அறுவது தாண்டினவர், விறகு கொண்டாந்து போட்டவர், "பள்ளத்துல பனி உக்காரும் தம்பி, மேல செட்டுக்கிட்ட கட்டிக்கங்க, அங்கயும் மரம் இருக்கு"ன்னாரு. செட்டுன்னா தோட்டத்து கொட்டகை, மேல நடந்து பத்து நிமிஷம். ஏற்பாடு பண்ணவர், "பரவால்லங்கய்யா, ரெண்டு ராத்திரிதான, தண்ணி பக்கத்துல இருந்தா சமையலுக்கு வசதி"ன்னு சொல்லிட்டாரு. தண்ணி பக்கத்துல வேணும்ங்கறது நியாயமான காரணம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஒரு வரிக்குள்ள பெரியவரோட மொத்த அனுபவமும் இருந்துச்சு, அது யாருக்கும் அப்போ பிடிபடல.

வானம் சுத்தமா இருந்துச்சு, ஒரு பொட்டு மேகம் இல்ல, காத்தும் அடங்கிப்போச்சு. நாங்க ரசிச்ச அந்த ரெண்டு விஷயமும் சேர்ந்தாதான் பனி இறங்கும். மேகம் இல்லாத ராத்திரில தரையோட சூடு நேரா வானத்துக்கு போயிடும், தரைய ஒட்டின காத்து குளுந்து கனமாகி தண்ணி மாதிரி பள்ளம் தேடி ஓடும். ஓடை ஓரம் அந்த மொத்த சரிவுக்கும் அடிமட்டம்.

முதல் ராத்திரி

சாயங்காலம் டீச்சரோட தம்பி விறகு சுமந்ததுல நல்லா வேர்த்துட்டான். காட்டன் டீ-ஷர்ட், அதை மாத்தாம அதுமேலயே ஃப்ளீஸ் போட்டுக்கிட்டான். வேர்வை பட்ட காட்டன் சீக்கிரம் காயாது, காயறவரைக்கும் உடம்பு சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஏற்பாடு பண்ணவர் குளிருக்குன்னு ரெண்டு ரவுண்டு பிராந்தி போட்டாரு, மத்தவங்க தொடல. சாப்பாடு எட்டு மணிக்கே முடிஞ்சுது, சப்பாத்தியும் தக்காளி தொக்கும்.

மரக்கிளையில ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் தொங்கவிட்டிருந்தோம். பத்து மணிக்கு 9 டிகிரி. எல்லாரும் ஹேமக்ல ஏறியாச்சு.

பதினொன்றரை வாக்குல இருந்து முனகல் ஆரம்பிச்சுது. டீச்சர்தான் முதல்ல சொன்னாங்க, "மேல ஒண்ணும் இல்ல, முதுகும் இடுப்புக்கு கீழயும் ஐஸ் வச்சாப்ல இருக்கு"ன்னு. அடுத்து நடந்தத கொஞ்சம் கவனிச்சு படிங்க, ஏன்னா குளிர்ல ஹேமக்ல படுக்கற எல்லாருமே இதைத்தான் பண்றாங்க: மேல ஒரு ஜெர்கின் போத்துனாங்க, பத்தல, மேல ஒரு துண்டு, பத்தல, டார்ப்ப இறக்கி கட்டினாங்க, பத்தல. ஒவ்வொண்ணும் மேல மேல மேலதான் போச்சு. குளிர் வந்தது கீழ இருந்து.

ஸ்லீப்பிங் பேக் சூடு குடுக்கறது இல்ல, உள்ள இருக்கற பஞ்சு உப்பி நின்னு நடுவுல காத்த பிடிச்சு வைக்குது, அந்த அசையாத காத்துதான் நம்ம சூட்ட வெளிய விடாம தடுக்குது. நாம அதுமேல படுத்தா அடிப்பக்கம் பஞ்சு நசுங்கி வெறும் ரெண்டு துணியா ஆயிடும். தரையில படுத்தா அடியில மேட் அந்த வேலைய பாத்துக்கும். ஹேமக்ல அடியில ஒத்தை நைலான், அதுக்கு கீழ ஓடுற காத்து, அவ்வளவுதான். முதுகு, இடுப்பு, தொடை, உடம்புல பாதி, இப்படி வெட்டவெளியில கெடக்கு.

எனக்கு யோகா மேட் ஹேமக் உள்ள இருந்ததால முதுகு பரவால்ல, ஆனா மேட் அகலம் ரெண்டடி, ஹேமக் ரெண்டு பக்கமும் ஏறி தோளை அணைக்கும்ல, அந்த தோள் ரெண்டும் மேட்டுக்கு வெளிய, அங்க மட்டும் விறைச்சுப் போச்சு. ஒரே ஸ்லீப்பிங் பேக், ஒரே பள்ளம், அடியில மேட் இருந்த ஆளுக்கும் இல்லாத ஆளுக்கும் வித்தியாசம் அப்படியே தெரிஞ்சுது.

ஒன்றரை மணிக்கு 5 டிகிரி. டீச்சரோட தம்பி ஹேமக்ல எழுந்து உக்காந்து ஜிப்ப மூட முயற்சி பண்றான், விரல் பிடிக்கல, நாலஞ்சு தடவை நழுவுது. உடம்பு தூக்கி தூக்கி போடுது. அக்கா ஏதோ கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தான், அதுவும் வார்த்தை கொஞ்சம் குழறலா. சாதாரணமா அவன் அப்படி பேசற பையன் இல்ல. விரல் தடுமாறுறது, நாக்கு குழறுறது, காரணமில்லாம சிடுசிடுப்பு, கூடவே விடாத நடுக்கம், இதெல்லாம் உடம்போட உள்சூடு 35 டிகிரிய நோக்கி இறங்குதுங்கறதுக்கான அடையாளம். அதுக்கு கீழ போனா ஹைப்போதெர்மியா. நடுக்கம் இருக்கற வரைக்கும் உடம்பு போராடுதுன்னு அர்த்தம், சூடு ஏறாமலே நடுக்கம் நின்னுச்சுன்னாதான் பெரிய ஆபத்து. டீச்சர்கிட்ட காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் இருந்துச்சு, அத நம்பல, அது காய்ச்சலுக்கு செஞ்சது, ரொம்ப இறங்கின சூட்டுல பாதி தெர்மாமீட்டர் "லோ"ன்னு மட்டும் காட்டிட்டு நின்னுடும்.

அப்போ எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஹேமக்க விட்டு இறங்குறது. ஏற்பாடு பண்ணவர் முதல்ல ஒத்துக்கல, "தரையில ஈரம், பூச்சி, இதுல இருந்தாவது கொஞ்சம் தேவலை"ன்னாரு. டீச்சர் விடல. "அண்ணே, அவன் கை வேலை செய்யல, இறக்குங்க"ன்னு ஒரே வார்த்தை. சரியான முடிவு. சில்வர் ஓக் சருகு அங்க குவிஞ்சு கெடந்துச்சு, மேலாக ஈரமா இருந்தத தள்ளிட்டு உள்ள காஞ்சத அள்ளி ஒரு முழம் உயரத்துக்கு மெத்தை மாதிரி போட்டு, அதுமேல ஒரு டார்ப், அதுமேல யோகா மேட், அதுல அவனை படுக்க வச்சோம். இன்னொரு டார்ப்ப இடுப்பு உயரத்துக்கு தாழ்த்தி கட்டினோம்.

அதுக்கு முன்னாடி டீ-ஷர்ட்ட கழட்டி அக்காவோட காஞ்ச ஸ்வெட்டர போட்டு விட்டாங்க. குளிர்ல சட்டைய கழட்டணுமான்னு அவனே கேட்டான், ஆனா ஈரத்தை உள்ள வச்சுக்கிட்டு மேல எத்தனை போட்டாலும் பிரயோஜனம் இல்ல. கை காலை தேய்க்கல. நம்ம ஊர்ல உடனே உள்ளங்கால பரபரன்னு தேய்ப்பாங்க, ரொம்ப குளுந்து போன ஆளுக்கு அது கூடாது, நடு உடம்புக்குத்தான் முதல்ல சூடு போகணும். முழுசா நெனவோட இருந்தான், முழுங்கவும் முடிஞ்சுது, அதனால சர்க்கரை தூக்கலா போட்ட டீ, ரெண்டு கடலை மிட்டாய். நடுங்கறதுக்கும் உடம்புக்கு எரிபொருள் வேணும். எட்டு மணிக்கு சாப்ட்டது எப்பவோ தீர்ந்திருக்கும்.

பிராந்திய ஒரு மூடி குடுக்கலாமான்னு பேச்சு வந்துச்சு, வேணாம்னு முடிவாச்சு. தண்ணி போட்டா தோல் பக்கம் ரத்த ஓட்டம் கூடும், அதான் கதகதன்னு இருக்கும், ஆனா அந்த சூடு அப்படியே வெளிய போயிடும். ஏற்பாடு பண்ணவரே அதுக்கு சாட்சி, பத்து மணிக்கு "எனக்கு குளுரவே இல்ல"ன்னவரு பன்னெண்டரைக்கு எல்லாரையும் விட அதிகமா நடுங்கினாரு.

சத்தம் கேட்டு பெரியவர் டார்ச்சோட இறங்கி வந்துட்டாரு, கையில ஒரு இரும்பு சட்டியில கங்கு. "டார்ப்புக்குள்ள வச்சு மூடிக்கங்கம்மா, நாங்க வீட்டுல அப்படித்தான் வைப்போம்"னாரு. அன்பாதான் சொன்னாரு. ஆனா கரி கங்குல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது நிறமும் கெடையாது, மூடின எடத்துல தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். மூணு பக்கம் இறக்கி கட்டின டார்ப்பும் மூடின எடம் மாதிரிதான். சட்டிய வெளிய வச்சு அதுல தண்ணி மட்டும் காய வச்சோம். அந்த தண்ணிய சாதா ஸ்டீல் பாட்டில் ரெண்டுலயும் ஊத்தி, மூடிய இறுக்கி, தலைகீழா கவுத்து ஒழுகலன்னு பாத்துட்டு, மொத்தமான சாக்ஸ்குள்ள போட்டு, ஒண்ண தொடை ரெண்டுக்கும் நடுவுல, இன்னொண்ண நெஞ்சோட அணைச்சு வச்சான். வேக்குவம் பாட்டில் இதுக்கு உதவாது, சூட்ட உள்ளயே வச்சுக்கும், வெளிய விடாது. சூடு படற மாதிரி சாக்ஸ் இல்லாம நேரா தோல்ல வச்சா கொப்புளம் வரும், அதையும் பாக்கணும்.

அப்பவே கார்ல ஏத்தி கீழ போயிடலாமான்னு யோசிச்சோம். கார் ரோட்டுல நின்னுச்சு, இருட்டுல சரிவு ஏறணும், அந்த பக்கம் காட்டுமாடு நடமாட்டம் உண்டு, அதோட ஓட்டுறவர் தண்ணி போட்டிருந்தாரு. அரை மணி நேரம் பாப்போம், நடுக்கம் குறையாம பேச்சு இன்னும் குழறினா பெரியவர் செட்டுக்கு தூக்கிட்டு போய் அங்க இருந்து ஆளை கூப்பிடுவோம்னு ஒரு எல்லை வச்சுக்கிட்டோம். ரெண்டே கால் மணிக்கு பையன் தெளிவா பேச ஆரம்பிச்சுட்டான், ஜிப்ப அவனே போட்டான். மீதி ராத்திரிய நாலு பேரும் சருகு மேல ஒட்டிப் படுத்து ஓட்டினோம்.

காலையில அளந்தது

அஞ்சரை மணிக்கு ஓடை ஓரம் 3 டிகிரி, புல்லு மேல வெள்ளையா பனி. அதே தெர்மாமீட்டர எடுத்துக்கிட்டு செட்டு வரைக்கும் ஏறினோம், கொஞ்ச நேரம் தொங்கவிட்டு பாத்தா 6. அங்க புல்லுல வெறும் ஈரம்தான், வெள்ளை இல்ல. பத்து நிமிஷ நடைக்கு 3 டிகிரி. மேல போனா குளிரும்ங்கற கணக்கு தெளிஞ்ச ராத்திரில ஒரு சரிவுக்குள்ள தலைகீழாயிடுது. பெரியவர் கிட்ட நம்பரை காட்டினோம், ஒரு பார்வை பாத்துட்டு விறகு அடுக்க போயிட்டாரு.

ரெண்டாம் ராத்திரி

கெளம்பிடலாம்னு டீச்சர் சொன்னாங்க. பையன் முழுசா தேறிட்டான், இருக்கலாம்னான். பேசி, இருக்கறதுன்னு முடிவாச்சு, ஆனா மூணு நிபந்தனை: மேல செட்டு பக்கத்துல கட்டணும், செட்டுல ஒரு மூலை ராத்திரிக்கு நமக்குன்னு பேசி வைக்கணும், குளுருதுன்னு யார் சொன்னாலும் விவாதம் பண்ணாம உடனே உள்ள போயிடணும்.

பகல்ல கொடைக்கானல் டவுனுக்கு போய் மட்டமான ரக கம்பளி ரெண்டு, பார்சல் கட்டுற வெள்ளை ஃபோம் ஷீட், கார் கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளி சன்ஷேடு ரெண்டு, நைலான் கயிறு வாங்கினோம். அண்டர்குவில்ட்னு ஹேமக்குக்கு வெளிய அடியில தொங்கவிடற மெத்தை தனியாவே இருக்கு, நம்ம எடை அதுமேல படாது, அதனால நசுங்காது, குளிர்ல ஹேமக்க நம்பி தூங்கறவங்க அதத்தான் வச்சுக்கிறாங்க. அது கையில இல்ல. இருக்கறத வச்சு ஆளுக்கு ஒரு மாதிரி பண்ணி பாத்தோம்.

டீச்சருக்கு கம்பளி. ஹேமக்குக்கு வெளிய, அடியில, நீளவாக்குல. கம்பளி மூலைய மடிச்சு உள்ள ஒரு கூழாங்கல் வச்சு, கல்லுக்கு பின்னாடி கழுத்து மாதிரி வர்ற எடத்துல கயிற சுருக்கு போட்டு இழுத்தோம், ஓட்டை போடாம, துணி கிழியாம அப்படியே கவ்விக்குது. நாலு மூலைக்கும் நாலு கல். கயிற ஹேமக் தொங்கற பெல்ட்டுல கட்டியாச்சு. ஏறி படுத்த அஞ்சாவது நிமிஷமே "இடுப்புல குளுருது"ன்னாங்க. கீழ கைய விட்டு பாத்தா ஹேமக்குக்கும் கம்பளிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி, காத்து அது வழியா சும்மா போயிட்டு வருது. தலைப்பக்க கயிற ரெண்டு விரக்கடை சுருக்கினோம், இப்போ கம்பளி முதுகை தொட்டுக்கிட்டு இருக்கு ஆனா எடைய தாங்கல. அவ்வளவுதான் வேண்டியது. ரொம்ப இழுத்தா நசுங்கும், தளர விட்டா காத்து புகும், ஆள் படுத்த பிறகுதான் இதை சரி பண்ண முடியும், வெறும் ஹேமக்ல கட்டிட்டு சரியா இருக்குன்னு சொல்லக்கூடாது.

தம்பிக்கு ஃபோம் ஷீட் ரெண்டு மடிப்பு, உள்ள. தோள் பிரச்சனைக்கு ஒரு துண்டு ஃபோம வெட்டி தோளுக்கு நேரா குறுக்க வச்சோம், சிலுவை வாக்குல. காஞ்ச சட்டை, காஞ்ச சாக்ஸ். நல்லா தூங்கினான், ரெண்டு தடவை ஷீட் நழுவி எழுந்து சரி பண்ணிக்கிட்டான். ஃபோம்ல ஹேமக்கோட சுகம் போயிடும், முதுகுல வேர்வையும் கட்டும், அது ஒரு குறை.

ஏற்பாடு பண்ணவர் சன்ஷேட உள்ள போட்டு படுத்தாரு. தரையில மேட் கூட சேர்த்து போட்டா உதவுமோ என்னவோ, தனியா அவ்வளவு மெல்லிசு ஹேமக்குக்கு காணாது. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் சரசரன்னு சத்தம் வேற. பன்னெண்டு மணிக்கு நிபந்தனைப்படி செட்டுக்குள்ள போயிட்டாரு, விவாதம் பண்ணல. எனக்கு யோகா மேட்டும் அடியில ரெண்டாவது கம்பளியும், குறை ஒண்ணும் இல்ல.

மத்த மாற்றங்கள் சின்னதுதான். படுக்கப் போறதுக்கு கொஞ்சம் முன்னாடி நெய் ஊத்தி உப்புமா, கூட பூம்பாறை மலைப்பூண்டு தட்டிப் போட்ட ரசம் ஆளுக்கு ஒரு டம்ளர். பிராந்தி இல்ல. சுடுதண்ணி பாட்டில் படுக்கும்போதே உள்ள, நாலு மணி வாக்குல அது ஆறிடும், ஆறின பிறகு வெளிய போட்டுடணும். மூக்கும் வாயும் ஸ்லீப்பிங் பேக்குக்கு வெளிய, உள்ள மூச்சு விட்டா ஈரம் தங்கி விடியக்காலையில அதுவே குளுரும். டார்ப்ப சரிவோட மேல் பக்கம் தாழ்த்தி கட்டினோம், ராத்திரி குளிர் காத்து மேல இருந்துதான் இறங்கும்.

அஞ்சு மணிக்கு அங்க 7 டிகிரி, கொஞ்சம் மேகம் போட்டிருந்துச்சு, அதனால ரெண்டு ராத்திரியையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. டீச்சருக்கு முதுகு சரி, பாதம் மட்டும் கடைசி வரைக்கும் சூடாகல. கம்பளி நீளம் முழங்காலோட நின்னுடுச்சு.

என்ன மாத்தணும்

10 டிகிரிக்கு கீழ போற எடம்னா அடியில என்ன இருக்குன்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம்தான் ஸ்லீப்பிங் பேக் பத்தி பேசணும். மேட் இல்ல, அண்டர்குவில்ட் இல்லன்னா ஹேமக் எடுத்துட்டு போகவே வேணாம், டென்ட்டும் மேட்டும் போதும், அதுல ஒண்ணும் கௌரவம் குறையாது. எடம் தேடும்போது ஓடை, ஏரி, பள்ளம் மூணையும் தவிர்த்துட்டு சரிவோட நடுப்பகுதிய பாக்கணும், தண்ணிய ரெண்டு கேன்ல மேல தூக்கிட்டா முடிஞ்சுது. உள்ளூர்க்காரங்க பனி பத்தி ஏதாவது சொன்னா ஏன்னு திருப்பி ஒரு கேள்வியாவது கேக்கணும்.

இன்னொண்ணு, குழுவுல யாராவது ஒருத்தர் அந்த ராத்திரிக்கு தண்ணி போடாம, கார் சாவியோட இருக்கணும். முதல் ராத்திரி நெலமை இன்னும் கொஞ்சம் மோசமாயிருந்தா அந்த ஒரு விஷயம்தான் பெரிய சிக்கலாயிருக்கும்.

டீச்சர் இப்போ தெருமுனை டெய்லர்கிட்ட ஒரு அண்டர்குவில்ட் தைக்க குடுத்திருக்காங்க, ரெண்டு பக்கம் நைலான், நடுவுல பாலியெஸ்டர் பஞ்சு ரெண்டு அடுக்கு, ரெண்டு முனையிலயும் எலாஸ்டிக் கயிறு ஓட காஜா. இந்த தடவை பாதம் வரைக்கும் நீளம் கேட்டிருக்காங்க. மதுரை மொட்டமாடில அதை டெஸ்ட் பண்றது நடக்காத காரியம், அதனால டிசம்பர்ல அதே தோட்டத்துல, செட்டு பக்கத்துல, செட்டு சாவிய முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு ஒரு ராத்திரி கட்டி பாக்கறதா பேச்சு.